நாஜி ஆக்கிரமிப்பில் இறந்த பொதுமக்கள்: எண்களும் சான்றுகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போரில் நாஜி ஜெர்மனி பிடித்துவைத்திருந்த நாடுகளில் மாண்ட பொதுமக்களின் எண்ணிக்கை பேச்சில் வந்துவிட்டால், "இதை யார் எண்ணினார்கள், எப்படி எண்ணினார்கள்?" என்று எவராவது கேட்பது வழக்கம். ஐயத்தோடு கேட்டாலும் அறியும் ஆவலோடு கேட்டாலும் அது நியாயமான கேள்விதான். அதற்கு விரிவான விடையும் இருக்கிறது. கீழே உள்ளவை அந்த ஒரு கேள்வியிலிருந்து கிளைத்தவை.

இந்தக் கணக்கில் யாரெல்லாம் சேர்கிறார்கள்?

ஆயுதம் ஏந்திய படைகளில் இல்லாதவர்களாக, ஜெர்மனியின் பிடியில் இருந்த நிலப்பகுதிகளில் சுடப்பட்டும், விஷவாயுவால் கொல்லப்பட்டும், பட்டினியாலும் நோயாலும் கட்டாய உழைப்பாலும் மாண்டவர்கள் எல்லோரும் சேர்கிறார்கள். போர்க்கைதிகளை வரலாற்றாசிரியர்கள் தனியே வைக்கிறார்கள். பிடிபட்ட சோவியத் வீரர்கள் சுமார் 57 லட்சம் பேரில் ஏறத்தாழ 33 லட்சம் பேர் ஜெர்மானியர் காவலில் இறந்தனர் என்பது பொதுமக்கள் கணக்குக்கு வெளியே நிற்கும் வேறொரு பெருங்கொடுமை. ஜெர்மனிக்குள்ளேயே மனநோயாளிகளும் மாற்றுத்திறனாளிகளும் கொல்லப்பட்டதும் தனிக் கணக்கே. ஆனால் பெர்லினிலிருந்தோ ஹாம்பர்க்கிலிருந்தோ ரயிலேற்றி மின்ஸ்க், ரீகா, ஊட்ஜ் நகரங்களுக்கு அனுப்பப்பட்ட ஜெர்மானிய யூதர்கள் ஆக்கிரமிப்புப் பகுதியில் கொல்லப்பட்டதால் இதில் அடங்குகிறார்கள்.

மொத்தம் எத்தனை பேர்?

ஒரே எண்ணைச் சொல்லி முடித்துவிட முடியாது. நாடுவாரியாகவும் பிரிவுவாரியாகவும்தான் சொல்ல வேண்டும். கொல்லப்பட்ட யூதர்கள் 51 லட்சத்திலிருந்து 60 லட்சத்துக்குச் சற்று மேல் வரை என்று வெவ்வேறு ஆய்வுகள் கணிக்கின்றன. இன்று பெரும்பாலோர் ஏற்பது 60 லட்சத்தை ஒட்டிய எண்ணை. அவர்களில் சுமார் 27 லட்சம் பேர் விஷவாயு முகாம்களிலும், 15 முதல் 20 லட்சம் பேர் கிழக்கு ஐரோப்பியக் குழிகளின் ஓரத்தில் துப்பாக்கிச் சூட்டிலும், எஞ்சியவர்கள் அடைப்புக் குடியிருப்புகளான கெட்டோக்களிலும் உழைப்பு முகாம்களிலும் போரின் இறுதி மாதங்களில் நடத்தப்பட்ட சாவுப் பயணங்களிலும் மாண்டனர்.

போலந்தில் ஜெர்மன் ஆக்கிரமிப்பால் இறந்தோர் 56 லட்சம் முதல் 58 லட்சம் வரை என்பது 2009-இல் அந்நாட்டின் தேசிய நினைவு நிறுவனம் வெளியிட்ட மதிப்பீடு. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் யூதர்கள். சோவியத் ஒன்றியத்தின் மொத்தப் போர் இழப்பு 2 கோடியே 66 லட்சம் என்பது அந்த நாட்டின் கடைசி ஆண்டுகளில் கணிக்கப்பட்ட எண். ஆக்கிரமிப்புப் பகுதிகளில் மட்டும் 1 கோடியே 37 லட்சம் பொதுமக்கள் இறந்தனர் என்று ரஷ்ய அறிவியல் கழகம் 1990-களில் வெளியிட்டது. அதில் வேண்டுமென்றே கொல்லப்பட்டவர்கள் 74 லட்சம், பட்டினியாலும் நோயாலும் இறந்தவர்கள் 41 லட்சம், ஜெர்மனிக்கு வேலைக்குக் கொண்டுபோகப்பட்டு மாண்டவர்கள் சுமார் 22 லட்சம் என்று பிரிக்கப்பட்டிருக்கிறது. பெலாரஸ் தன் மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவரை இழந்தது.

இந்த எண்களை அப்படியே ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டுவது தவறு. லிவிவ் நகரம் 1939 வரை போலந்தில் இருந்தது, பிறகு 1941 வரை சோவியத் கையில் இருந்தது, அதன்பின் ஜெர்மானியர் கைக்குப் போனது. அங்கு கொல்லப்பட்ட யூதரைப் போலந்துப் பட்டியலும் சோவியத் பட்டியலும் சேர்த்தே எண்ணுகின்றன. யூதர்களின் மொத்தத்தைக் கணிக்கும் ஆய்வுகள் இந்த இரட்டைப் பதிவைக் கழிப்பதற்கே பக்கம் பக்கமாக இடம் ஒதுக்குகின்றன.

ஹிட்லர் கையெழுத்திட்ட ஆணை எதுவும் இல்லையாமே?

யூதர்களை ஒழிக்கச் சொல்லும் அப்படியொரு தாள் கிடைக்கவில்லை என்பது உண்மை. மனநோயாளிகளைக் கொல்ல அனுமதி தந்து, 1939 செப்டம்பர் 1 என்று தேதியிட்டு ஹிட்லர் கையொப்பமிட்ட கடிதம் இருக்கிறது. அந்த விஷயம் வெளியே கசிந்து எதிர்ப்பு எழுந்த பிறகு, அடுத்த பெருங்கொலைக்கும் அவர் அதேபோல் எழுதித் தருவார் என்று எதிர்பார்ப்பதில் பொருளில்லை.

கையில் இருப்பது அந்த ஒற்றைத் தாளைவிட வலுவானது. 1942 ஜனவரி 20 அன்று பெர்லினை அடுத்த வான்சீயில் பதினைந்து அதிகாரிகள் கூடியதன் குறிப்பு முப்பது படிகளாகத் தயாரிக்கப்பட்டது. அவற்றில் 16-ஆம் எண்ணிட்ட படி மட்டும் 1947-இல் ஜெர்மன் வெளியுறவுத் துறைக் கோப்புகளில் அகப்பட்டது. 1 கோடியே 10 லட்சம் யூதர்களை நாடுவாரியாகப் பட்டியலிடும் அந்தக் குறிப்பு, நடுநிலை நாடுகளையும் அப்போது பிடிக்கப்படாத இங்கிலாந்தையும்கூட விடவில்லை. 1943 அக்டோபர் 4 அன்று போஸ்னான் நகரில், நாஜிக் கட்சியின் ஆயுத அமைப்பான எஸ்.எஸ்.-இன் படைத் தலைவர்களிடம் யூத மக்களை அழித்தொழிப்பது பற்றி அந்த அமைப்பின் தலைவர் ஹிம்லர் வெளிப்படையாகப் பேசியது ஒலிப்பதிவாகவே இருக்கிறது.

கொலைகாரர்களே கணக்கு எழுதி வைத்தார்களா?

வைத்தார்கள். 1941 ஜூன் 22 அன்று சோவியத் ஒன்றியத்தின்மீது படையெடுத்த ராணுவத்தின் பின்னால் ஐன்சாட்ஸ்குருப்பன் என்ற நடமாடும் கொலைப் பிரிவுகள் சென்றன. அவை அனுப்பிய செய்திகளைத் தொகுத்து பெர்லினில் இருந்த பாதுகாப்புத் தலைமையகம் எண்ணிட்ட அறிக்கைகளாகச் சுற்றுக்கு விட்டது. கீவ் நகரில் 33,771 யூதர்கள் செப்டம்பர் 29, 30 ஆகிய இரு நாட்களில் கொல்லப்பட்டனர் என்று, அக்டோபர் 2 தேதியிட்ட 101-ஆம் எண் அறிக்கை சொல்கிறது. ஆவணங்கள், பணம், மதிப்புள்ள பொருள்கள், கதகதப்பான உடைகள் ஆகியவற்றுடன் காலை எட்டு மணிக்கு வந்து சேருமாறு சுவரொட்டி ஒட்டி வரவழைத்து, நகரின் ஓரத்தில் இருந்த பாபி யார் பள்ளத்தாக்கில் வைத்துச் சுட்டார்கள்.

இன்னும் நுணுக்கமானது, லிதுவேனியாவில் இருந்த கொலைப் பிரிவு ஒன்றின் தலைவர் கார்ல் யேகர் 1941 டிசம்பர் 1 அன்று எழுதிய அறிக்கை. தேதி, ஊர், ஆண்கள், பெண்கள், குழந்தைகள், மொத்தம் என்று வரவுசெலவுப் புத்தகம் போல வரிவரியாக அது ஓடுகிறது. அக்டோபர் 29 அன்று கௌனாஸ் நகரின் ஒன்பதாம் கோட்டையில் நடந்த கொலைகளுக்கான பதிவு: ஆண்கள் 2,007, பெண்கள் 2,920, குழந்தைகள் 4,273, மொத்தம் 9,200. காரணமும் பக்கத்திலேயே இருக்கிறது: தேவைக்கு மேற்பட்ட யூதர்களை கெட்டோவிலிருந்து அகற்றுதல். அறிக்கையின் மொத்தம் 1,37,346. வேலைக்காக விட்டுவைக்கப்பட்டவர்களையும் அவர்களின் குடும்பத்தினரையும் தவிர லிதுவேனியாவில் இனி யூதர் இல்லை என்று யேகர் அதில் பெருமிதத்தோடு எழுதுகிறார். ஐந்து படிகளில் நான்காவது மட்டுமே மிஞ்சியது. யேகர் 1959-இல் கைது செய்யப்பட்டு, விசாரணை தொடங்குமுன் தற்கொலை செய்துகொண்டார்.

மேலிடத்தைக் குளிர்விக்க எண்ணிக்கையைக் கூட்டி எழுதியிருக்க மாட்டார்களா?

எழுதியிருக்கலாம், அந்த எச்சரிக்கை தேவைதான். ஆகவே எந்த அறிக்கையும் தனியாக நம்பப்படுவதில்லை. போருக்கு முந்தைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பிழைத்தவர்களின் பதிவுகள், அதே நாளைப் பற்றிய ஜெர்மன் ராணுவக் கடிதங்கள், அருகில் வசித்தவர்களின் வாக்குமூலம், குழிகளின் அளவு ஆகியவற்றோடு அது ஒப்பிடப்படுகிறது.

இப்படி ஒப்பிடுவதால் என்ன தெரியவரும் என்பதற்கு ஒரு தந்தியைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். 1943 ஜனவரி 11 அன்று லுப்லினிலிருந்து ஹெர்மான் ஹோஃப்லே என்ற எஸ்.எஸ். அதிகாரி ரகசிய வானொலிச் செய்தி ஒன்றை அனுப்பினார். பிரிட்டனின் பிளெச்லி பார்க் மையம் அதை இடைமறித்துக் குறிமுறையை உடைத்தது. ஆனால் படித்தவர்களுக்கு எல், பி, எஸ், டி என்ற எழுத்துகளும் சில எண்களும் எதைக் குறித்தன என்று விளங்கவில்லை. தாள் கோப்புக்குள் போய்விட்டது. 2000-இல்தான் லண்டனின் கியூ ஆவணக்காப்பகத்தில் அதன் பொருள் பிடிபட்டது. லுப்லின் 24,733, பெல்செக் 4,34,508, சோபிபோர் 1,01,370, டிரெப்ளிங்கா 71,355, மொத்தம் 12,74,166. இவை 1942 முடிய போலந்தில் இருந்த அந்தக் கொலை முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்களின் எண்கள்.

கூட்டிப் பார்த்தால் கணக்கு இடிக்கும். டிரெப்ளிங்காவின் எண் 7,13,555 என்று இருந்தால்தான் மொத்தம் சரியாக வரும்; தட்டச்சு செய்தவரோ இடைமறித்தவரோ ஓர் 5-ஐ விட்டுவிட்டார். எஸ்.எஸ். புள்ளியியல் அதிகாரி ரிச்சர்ட் கோர்ஹெர் 1943-இல் ஹிம்லருக்குத் தந்த அறிக்கையிலும் அதே 12,74,166 தான் இருக்கிறது. அந்த அறிக்கை நூரெம்பர்க் விசாரணைக் காலத்திலிருந்தே வரலாற்றாசிரியர்களுக்குத் தெரிந்தது. தந்தியின் இன்னொரு வரி, 1942-இன் கடைசி இரு வாரங்களில் பெல்செக்குக்கு வந்தவர்கள் பூஜ்யம் என்கிறது. அந்த முகாமில் கொலைகள் டிசம்பரில் நிறுத்தப்பட்டன என்று சாட்சிகள் அதற்கு வெகுகாலம் முன்பே சொல்லியிருந்தார்கள். தனித்தனி இடங்களிலிருந்து கிடைத்த மூன்று மூலங்கள் இப்படிப் பொருந்துவதைப் பொய்யாகப் புனைய, 1943-இல் பிரிட்டிஷ் கோப்புக்குள் ஒரு பிழையையும் சேர்த்தே செருகியிருக்க வேண்டும்.

கோர்ஹெர் அறிக்கையில் ஒரு திருத்தமும் உண்டு. "சிறப்பு நடவடிக்கை" என்ற மறைசொல்கூட எங்கும் வரக்கூடாது, முகாம்கள் வழியாக அனுப்பப்பட்டவர்கள் என்று மாற்றி எழுதுக என ஹிம்லரின் அலுவலகம் உத்தரவிட்டது. அந்த உத்தரவும் கோப்பிலேயே இருந்துவிட்டது.

ரயில்வே ஆவணங்கள் என்ன சொல்கின்றன?

லட்சக்கணக்கானோரை ரயிலில் கொண்டுபோனால் அட்டவணை இருந்தாக வேண்டும், கட்டணமும் இருந்தாக வேண்டும். ஜெர்மன் ரயில்வே இந்தப் பயணங்களுக்கு எஸ்.எஸ். அமைப்பிடம் மூன்றாம் வகுப்புக் கட்டணம் வசூலித்தது. நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை, பத்து வயதுக்குட்பட்டவர்களுக்குப் பாதி, நானூறு பேருக்கு மேற்பட்ட குழுவுக்குச் சலுகை. கொண்டுபோகப்பட்டவர்களுக்கு ஒருவழிக் கட்டணம், காவலர்களுக்கு மட்டும் திரும்பி வருவதற்கும் சேர்த்து. நெதர்லாந்திலிருந்து இப்படி அனுப்பப்பட்ட யூதர்கள் சுமார் 1,07,000 பேர். திரும்பியவர்கள் ஏறத்தாழ 5,000 பேர். அங்கே போருக்கு முன்பே ஒழுங்கான குடிமக்கள் பதிவேடு இருந்ததாலும், வெஸ்டர்போர்க் இடைமுகாமிலிருந்து கிளம்பிய ரயில்களின் பெயர்ப்பட்டியல்கள் பிழைத்ததாலும், கொல்லப்பட்ட ஏறத்தாழ ஒவ்வொருவரின் பெயரும் வயதும் தெரியும்.

உடல்களை எரித்துவிட்டார்களே, மண்ணில் என்ன மிச்சம்?

1942-இலிருந்து பால் புளோபெல் என்ற அதிகாரியின் கீழ் 1005 என்று எண்ணிட்ட தனிப்பிரிவு, புதைகுழிகளைத் தோண்டி உடல்களை எரித்துத் தடயங்களை அழித்தது. புளோபெல் வேறு யாருமல்லர். பாபி யாரில் சுட்ட பிரிவின் தலைவர் அவரே. 1943-இல் அதே பள்ளத்தாக்கில் சங்கிலியிடப்பட்ட கைதிகளைக் கொண்டு இந்த வேலை நடந்தது. வேலை முடிந்ததும் தங்களுக்கும் அதே கதிதான் என்று அறிந்த கைதிகள் செப்டம்பர் இறுதியில் தப்பி ஓட முயன்றனர். பெரும்பாலோர் கொல்லப்பட, சிலர் மட்டும் பிழைத்துச் சாட்சி சொன்னார்கள்.

எரித்தாலும் எல்லாம் போய்விடுவதில்லை. 1990-களின் இறுதியில் பெல்செக்கில் துளைக்கருவிகளால் மண்ணைச் சோதித்த தொல்லியல் குழு 33 பெரும் புதைகுழிகளை வரையறுத்தது. சாம்பலும் எலும்புத் துணுக்குகளும் பல மீட்டர் ஆழம் வரை கிடைத்தன. சோபிபோரில் விஷவாயு அறைகளின் அடித்தளம் 2014-இல் வெளிப்பட்டது. யூத மத மரபில் இறந்தவர் உடலைக் குலைக்கக் கூடாதென்பதால், இந்த இடங்களில் ஆய்வாளர்கள் தோண்டாமல் அளக்கும் முறைகளையே நாடுகிறார்கள்.

வார்சாவை அடுத்த பல்மிரி காட்டில் நடந்தது வேறு விதம். 1939 டிசம்பரிலிருந்து 1941 ஜூலை வரை போலந்தின் அரசியல்வாதிகளையும் ஆசிரியர்களையும் விளையாட்டு வீரர்களையும் அங்கே கொண்டுவந்து சுட்டு, குழிகளின்மேல் மரக்கன்றுகளை நட்டு மூடிவிட்டார்கள். அங்கு பணியில் இருந்த போலந்து வனப் பணியாளர்கள் உயிரைப் பணயம் வைத்து, எந்த இடம் என்பதை ரகசியமாக அடையாளமிட்டு வைத்தனர். போர் முடிந்ததும் செஞ்சிலுவைச் சங்கத்தினர் தோண்டியபோது 1,700-க்கும் மேற்பட்ட உடல்கள் கிடைத்தன.

பாதிக்கப்பட்டவர்கள் எழுதியது ஏதேனும் உண்டா?

ஏராளம் உண்டு, அவற்றில் பெரியது வார்சா கெட்டோவின் ரகசிய ஆவணக்காப்பு. வரலாற்றாசிரியர் இம்மானுவேல் ரிங்கல்பளும் தலைமையில் ஒரு குழு நாட்குறிப்பு, பங்கீட்டு அட்டை, பள்ளிக் கட்டுரை, சுவரொட்டி, மிட்டாய்த் தாள் என எதையும் விடாமல் சேர்த்து, தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் அடைத்து மண்ணில் புதைத்தது. முதல் பகுதி 1946-இலும் இரண்டாம் பகுதி 1950-இலும் இடிபாடுகளுக்கு அடியிலிருந்து எடுக்கப்பட்டன. மூன்றாம் பகுதி கிடைக்கவே இல்லை. 1942 கோடையில் இரண்டே மாதங்களில் சுமார் 2,65,000 பேர் டிரெப்ளிங்காவுக்கு ஏற்றப்பட்டபோது அந்த ஆவணக்குழுவினர் உள்ளேயேதான் இருந்தார்கள். அவர்களில் மிகச் சிலரே போரைத் தாண்டினர். ரிங்கல்பளும் 1944-இல் கொல்லப்பட்டார்.

இந்த மூலம் தரும் செய்திகளைக் கொலைகாரர் ஆவணங்கள் ஒருபோதும் தருவதில்லை. யேகரின் அட்டவணையில் 4,273 என்ற எண் இருக்கிறது. அந்தக் குழந்தைகள் என்ன தின்றார்கள், எந்தப் பாட்டைப் பாடினார்கள் என்பதற்கு அதில் பத்தி இல்லை.

பட்டினிச் சாவுகளைக் கொலைக் கணக்கில் சேர்ப்பது முறையா?

இடத்துக்கு இடம் பதில் மாறும். கிழக்கில் அது திட்டமிட்ட கொள்கை. 1941 மே 2 அன்று, படையெடுப்புக்கு ஏழு வாரம் முன்னதாக, ஜெர்மன் அமைச்சகச் செயலர்கள் கூடிப் பேசிய குறிப்பு ஒன்று இருக்கிறது. ராணுவம் முழுவதும் ரஷ்ய மண்ணிலிருந்தே உணவு பெற வேண்டும், நமக்குத் தேவையானதை அங்கிருந்து எடுத்தால் கோடிக்கணக்கில் மக்கள் பட்டினியால் சாவார்கள் என்பதில் ஐயமில்லை என்ற பொருளில் அதில் எழுதியிருக்கிறார்கள். கீவ், கார்கிவ் நகரங்களின் பஞ்சச் சாவுகளை இந்தக் குறிப்போடு சேர்த்தே படிக்க வேண்டும். லெனின்கிராட் பிடிக்கப்படவில்லை, முற்றுகையிடப்பட்டது. 872 நாட்களில் அங்கே ஏறத்தாழ 8 லட்சம் முதல் 10 லட்சம் பொதுமக்கள் இறந்தனர். 1941 நவம்பர் இறுதியில் அங்கு உழைக்காதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் கிடைத்த ரொட்டி நாளொன்றுக்கு 125 கிராம்.

வார்சா கெட்டோவில் 1941-இல் அதிகாரபூர்வப் பங்கீடு ஒருவருக்கு நாளொன்றுக்கு 200 கலோரிக்கும் குறைவு. கடத்தி வந்த உணவால் மட்டுமே மக்கள் உயிரோடு இருந்தார்கள். உள்ளே இருந்த யூத மருத்துவர்கள், தாங்களும் பட்டினி கிடந்தபடியே, பட்டினி உடலை என்ன செய்கிறது என்பதை முறையாக ஆராய்ந்து பதிந்தார்கள். அந்தக் கையெழுத்துப்படி வெளியே கடத்தப்பட்டு 1946-இல் நூலாக அச்சேறியது. மருத்துவ அறிவியலில் இதற்கு நிகரான ஆவணம் வேறு உண்டா என்பது சந்தேகமே.

கிரேக்கத்தில் நிலைமை சிக்கலானது. 1941-42 குளிர்காலத்தை மையமாகக் கொண்ட பஞ்சத்தில் சுமார் 3 லட்சம் பேர் இறந்ததாகக் கணிக்கப்படுகிறது. ஆக்கிரமிப்புப் படைகள் தானியத்தைச் சூறையாடியதும், நாட்டை மூன்று ஆக்கிரமிப்பு மண்டலங்களாகத் துண்டுபோட்டதும், பிரிட்டிஷ் கடல் முற்றுகையும் சேர்ந்தே அதற்குக் காரணம். இதை ஆக்கிரமிப்பின் விளைவு என்று சொல்வது சரி. விஷவாயுக் கொலைகளோடு ஒரே வரியில் வைப்பது சரியல்ல என்பது என் கருத்து.

பழிவாங்கும் கொலைகளில் விகிதம் வைத்துச் சுட்டார்கள் என்பது உண்மையா?

உண்மை. செர்பியாவில் ஒரு ஜெர்மன் வீரர் கொல்லப்பட்டால் நூறு பேர், காயமடைந்தால் ஐம்பது பேர் என்ற ஆணை 1941 இலையுதிர்காலத்தில் நடைமுறையில் இருந்தது. அக்டோபரில் கிராகுயேவாட்ஸ் நகருக்கு அருகே பத்து வீரர்கள் இறந்து 26 பேர் காயமடைந்தனர். ஆயிரமும் ஆயிரத்து முந்நூறும் சேர்த்து 2,300 என்று இலக்கு வைக்கப்பட்டது. ஆள் போதாமல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களையும் ஆசிரியர்களையும் வகுப்பறைகளிலிருந்தே இழுத்துச் சென்றார்கள். கொல்லப்பட்டவர்கள் இறுதியில் 2,700-க்கும் மேல். போருக்குப் பின் யூகோஸ்லாவியாவில் 7,000 என்ற எண் நெடுங்காலம் புழங்கியது. பெயர்ப்பட்டியலைக் கொண்டு ஆய்வாளர்கள் அதைக் குறைத்தனர்.

செக் நாட்டின் லிடீட்சே கிராமத்தில் 1942 ஜூன் 10 அன்று 173 ஆண்களைச் சுட்டதை ஜெர்மன் வானொலி தானே பெருமையாக அறிவித்தது. அந்த ஊரின் 82 குழந்தைகளைப் பின்னர் ஹெல்ம்னோ கொலை முகாமில் விஷவாயுவால் கொன்றதை மட்டும் அறிவிக்கவில்லை. பெலாரஸின் காட்டீன் கிராமத்தில் 1943 மார்ச் 22 அன்று 149 பேரைக் கொட்டகைக்குள் அடைத்துத் தீ வைத்தும் தப்ப முயன்றவர்களைச் சுட்டும் கொன்றனர். அவர்களில் 75 பேர் குழந்தைகள். பிரான்ஸின் ஒராதூர்-சுர்-கிளான் ஊரில் 1944 ஜூன் 10 அன்று இறந்தோர் 642 என்றே பல பத்தாண்டுகள் எழுதப்பட்டது. அண்மை ஆண்டுகளில் ஸ்பெயின் அகதிப் பெண் ஒருவர் பட்டியலில் விடுபட்டிருப்பது தெரியவந்து 643 ஆயிற்று.

அவுஷ்விட்ஸ் எண்ணை 40 லட்சத்திலிருந்து 11 லட்சமாகக் குறைத்தார்கள் என்றால் 60 லட்சமும் குறைய வேண்டாமா?

யூதப் படுகொலை நடக்கவே இல்லை என்று வாதிடும் மறுப்பாளர்கள் அதிகம் பயன்படுத்தும் வாதம் இதுதான். 1945-இல் சோவியத் விசாரணைக் குழு, எரியூட்டு உலைகளின் திறனை வைத்துப் பெருக்கி 40 லட்சம் என்ற எண்ணைச் சொன்னது; முகாமின் நினைவுப் பலகையிலும் அது ஏறியது. 60 லட்சம் என்ற மொத்தம் அந்தப் பலகையிலிருந்து பிறக்கவே இல்லை. அது நாடுவாரியாக, போருக்கு முன் இருந்த யூதர்களிலிருந்து பிழைத்தவர்களையும் வெளியேறியவர்களையும் கழித்துக் கிடைத்த எண். மேற்குலக ஆய்வாளர்கள் 40 லட்சத்தை 1950-களிலேயே ஏற்கவில்லை. அவர்களின் கணக்கில் அவுஷ்விட்ஸின் யூத இறப்பு சுமார் பத்து லட்சம்தான்.

அவுஷ்விட்ஸ் அருங்காட்சியகத்தின் வரலாற்றாசிரியர் பிரான்சிசெக் பைப்பர், ரயில்வாரியாக வந்தவர்களை எண்ணி, குறைந்தது 13 லட்சம் பேர் கொண்டுவரப்பட்டனர், அவர்களில் 11 லட்சம் பேர் இறந்தனர் என்று நிறுவினார். ஏறத்தாழ 10 லட்சம் யூதர்கள், 70,000-க்கு மேற்பட்ட போலந்துக்காரர்கள், 21,000 ரோமா மக்கள் (ஜிப்சிகள் என்று அழைக்கப்பட்டவர்கள்), 15,000 சோவியத் போர்க்கைதிகள் ஆகியோர் அதில் அடக்கம். 1990-களின் தொடக்கத்தில் பலகை மாற்றப்பட்டது. பழைய எண்ணை ஆராய்ந்து தள்ளியவர்கள் வரலாற்றாசிரியர்களே என்பதை இந்த வாதத்தை எடுப்பவர்கள் சொல்வதில்லை.

அப்படியானால் சோவியத் ஆவணங்களை நம்பலாமா?

கவனத்தோடு பயன்படுத்தலாம். 1942 நவம்பரில் அமைக்கப்பட்ட சோவியத் சிறப்பு விசாரணைக் குழு ஊர்வாரியாகச் சாட்சியங்களையும் தோண்டியெடுப்பு அறிக்கைகளையும் திரட்டியது. அதன் அடிமட்டப் பதிவுகள் மதிப்பு மிக்கவை. மேல்மட்டத்தில் அரசியல் புகுந்தது. ரஷ்யாவின் ‘காட்டின்’ என்ற ஊரை அடுத்த வனத்தில் (மேலே வந்த காட்டீன் கிராமம் வேறு) போலந்து அதிகாரிகளைக் கொன்றது சோவியத் ரகசியக் காவல்துறை, ஆண்டு 1940. பழியை ஜெர்மானியர்மீது போட 1944-இல் ஒரு குழுவே அமைத்தார்கள். உண்மையை மாஸ்கோ ஒப்புக்கொண்டது 1990-இல்தான். பாபி யார் போன்ற இடங்களில் இறந்தவர்கள் யூதர்கள் என்பதை மறைத்து "அமைதியான சோவியத் குடிமக்கள்" என்று எழுதியதும் உண்டு. மொத்த இழப்பைக்கூட ஸ்டாலின் 70 லட்சம் என்றார். குருஷ்சேவ் 2 கோடி என்றார். ஆட்சியாளருக்கு வேண்டியபோது எண் கூடியது போலவே, வேண்டாதபோது குறைக்கவும்பட்டது.

உள்ளூர் மக்களுக்குப் பங்கில்லையா?

இருந்தது. யேகரின் மொத்தத்திலேயே 4,000 பேர் லிதுவேனிய ஆயுதக் குழுக்களால் கொல்லப்பட்டவர்கள் என்று தனியே குறிக்கப்பட்டிருக்கிறது. காட்டீனை எரித்தவர்களில் உக்ரைனியர் பெருமளவில் இருந்த துணைக்காவல் பட்டாளமும் உண்டு. போலந்தின் யெத்வாப்னே ஊரில் 1941 ஜூலை 10 அன்று யூதர்களைக் கொட்டகையில் அடைத்து எரித்தவர்கள் அவர்களின் போலந்து அண்டைவீட்டார். நினைவுக்கல்லில் 1,600 என்று பொறிக்கப்பட்டிருந்தது, பின்னர் நடந்த அதிகாரபூர்வ விசாரணை குறைந்தது 340 என்றது. அதே போலந்தில்தான் யூதருக்கு அடைக்கலம் கொடுத்த குற்றத்துக்காகக் குடும்பம் குடும்பமாகச் சுடப்பட்டவர்களும் இருந்தார்கள்.

ரோமா மக்களின் எண்ணிக்கை மட்டும் ஏன் இவ்வளவு தெளிவின்றி இருக்கிறது?

2 லட்சம் முதல் 5 லட்சம் வரை மதிப்பீடுகள் விரிகின்றன. போருக்கு முன் அவர்களைச் சரியாக எண்ணியவர் இல்லை. கிழக்கில் சுட்டபோது பலரை "வேற்றாட்கள்", "உளவாளிகள்" என்ற தலைப்பில் எழுதினார்கள். போருக்குப் பின் அவர்கள் பேச்சைக் கேட்கவும் ஆளில்லை. அவர்கள்மீது நடந்ததை இனப்படுகொலை என்று மேற்கு ஜெர்மனி ஒப்புக்கொண்டது 1982-இல். அதற்குள் சாட்சிகளில் பலர் இறந்துவிட்டனர்.

நீதிமன்றங்கள் இந்தச் சான்றுகளை எப்படி எடைபோட்டன?

கொலைப் பிரிவுகளின் அறிக்கைகள் பெர்லினில் அகப்பட்டபோது, பெஞ்சமின் ஃபெரென்ஸ் என்ற இளம் அமெரிக்க வழக்கறிஞர் அவற்றிலிருந்த எண்களைக் கூட்டத் தொடங்கி, பத்து லட்சத்தைத் தாண்டியதும் நிறுத்திக்கொண்டார். அந்தப் பிரிவுகளின் தலைவர்கள்மீதான 1947-48 வழக்கில் அவர் பெரும்பாலும் அந்தத் தாள்களையே சான்றாக வைத்தார். பிரதிவாதிகள் ஆவணங்கள் போலி என்று வாதாடி வெல்லவில்லை. மேலிட ஆணைக்குக் கீழ்ப்படிந்ததாகவே பெரும்பாலும் சொன்னார்கள். ஒரு பிரிவின் தலைவரான ஓலெண்டார்ஃப், தன் ஆட்கள் சுமார் 90,000 பேரைக் கொன்றதாக 1946-இலேயே சாட்சியம் சொல்லியிருந்தார்.

லண்டனில் பிரிட்டிஷ் எழுத்தாளர் டேவிட் இர்விங், தம்மை மறுப்பாளர் என்று எழுதிய வரலாற்றாசிரியர் டெபோரா லிப்ஸ்டாட்மீது தொடுத்த அவதூறு வழக்கு இன்னொரு வகை. பிரிட்டிஷ் சட்டப்படி எழுதியதை நிறுவும் சுமை பிரதிவாதியின்மேல் விழுந்தது. ஆவணங்களை வரிவரியாகச் சோதித்த நீதிபதி, இர்விங் சான்றுகளை வேண்டுமென்றே திரித்தார் என்று 2000 ஏப்ரலில் தீர்ப்பளித்தார்.

எத்தனை பேரின் பெயர் தெரியும்? ஒருவர் தானே தேடிப் பார்க்க முடியுமா?

ஜெருசலேமில் உள்ள யூதப் படுகொலை நினைவு நிறுவனமான யாத் வஷேம் ஏறத்தாழ 50 லட்சம் யூதர்களின் பெயர்களைத் திரட்டியிருக்கிறது. பெரும்பகுதி ரயில் பட்டியல்கள், முகாம் பதிவுகள் போன்ற ஆவணங்களிலிருந்தும், உறவினர்களும் ஊர்க்காரர்களும் நிரப்பித் தந்த சாட்சியப் படிவங்களிலிருந்தும் வந்தது. மேற்கு ஐரோப்பாவுக்குப் பட்டியல் ஏறத்தாழ முழுமை. உக்ரைனிலும் பெலாரஸிலும் ஒரு சிற்றூரின் யூதர்கள் அனைவரும் ஒரே நாளில் கொல்லப்பட்டிருந்தால் படிவம் நிரப்ப யாரும் மிஞ்சவில்லை. இடைவெளி பெரும்பாலும் அங்கேதான். ஜெர்மனியின் பாட் ஆரோல்சன் ஊரில் உள்ள காப்பகம், யூதர் அல்லாத கட்டாயத் தொழிலாளர் உட்பட சுமார் 1 கோடியே 75 லட்சம் பேரைப் பற்றிய பதிவுகளை வைத்திருக்கிறது. ஆய்வாளர்களுக்கு 2007-இல் திறந்துவிடப்பட்ட அந்தப் பதிவுகளில் பெரும்பகுதியை இப்போது எவரும் இணையத்தில் பெயரிட்டுத் தேடலாம். தேடும்போது ஒரே பெயரைப் போலந்து, ஜெர்மன், ரஷ்ய எழுத்துக்கூட்டல்களில் மாற்றி மாற்றி இட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.